விலை இறங்கும் மாதம்

பனிக்காட்டில் நோயாளிகளைச் சறுக்குவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவது பனிமான்தான். அதற்கு முழங்கால் போய்விட்டது. பனியில் ஓடும் மோட்டார் வண்டி ஒன்று வாங்கச் சொல்லி, மார்கழியில் ஊர்த்தலைவர் நரியிடம் கேட்டது.

"சீசன்ல வாங்கினா கடைக்காரன் தலையில மொளகா அரைச்சிடுவான்க்கா. பனி உருகட்டும்," என்றது நரி.

பனி உருகியது. சித்திரையில் மறுபடி கேட்டது.

"பழைய ஸ்டாக்கைத் தள்ள இன்னும் குறைப்பான். பொறு."

ஆவணியில் கேட்டபோது நரிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "புது மாடல் வரப்போற நேரத்துல எவனாவது பழசை வாங்குவானா?"

ஐப்பசியில் பனி கொட்டியது. முயலின் மனைவிக்குப் பிரசவ வலி. பாதி வழியில் மானின் கால் மடங்கியது. குட்டிகள் வண்டியிலேயே பிறந்து, குளிரில் விறைத்துச் செத்தன. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை.

அந்த வழியாக வந்த நரி எட்டிப் பார்த்தது. "அடப் பாவமே! வாங்கிடலாம்னா, இப்பதான் சீசன் ஆரம்பிச்சிருக்கு..."

முயல் மானின் கழுத்திலிருந்த வாரை அவிழ்த்து நரியின் முன்னால் நீட்டியது.

"இவ இன்னும் சாகலை, தலைவரே. விலை இறங்குற வரைக்கும் நீங்க இழுங்க."

நரி பின்வாங்கியது. பின்னால், நொண்டியபடி எழுந்து வந்த மானின் கொம்பு நின்றது.