எங்களைப் பற்றி

வசுமதி களிமண்ணில் கம்மல்கள் செய்து, சுட்டு, வண்ணம் தீட்டி விற்பவள். அவற்றுக்காக அவள் தம்பி சேகர் ஓர் இணையதளம் தொடங்கினான். படமெடுக்க உட்காரவைத்தவன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களிலிருந்து முழங்கை வரை வெண்திட்டுகள் பரவியிருந்தன.

"தப்பா எடுத்துக்காதக்கா. பாக்கறவங்க என்னமோ ஏதோன்னு நெனப்பாங்க."

அக்காவுக்குப் பதிலாக அவன் மனைவி தர்ஷினி களிமண்ணை உருட்டுவதுபோல் உட்கார்ந்தாள். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் அந்தப் படம் வந்தது. அதன் கீழே வசுமதி சொன்ன கதை: கணவன் விட்டுப்போனது, அழுகையை அடக்க மண்ணைப் பிசைய ஆரம்பித்தது எல்லாம். பெயர் மட்டும் இல்லை. ஆர்டர்கள் குவிந்தன.

ஒரு மதியம் ஓர் அம்மாள் முகவரி விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்த வசுமதியின் கைகளைக் கண்டதும் ஓரடி பின்னால் நகர்ந்து, "கம்மல் செய்யறவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"தர்ஷினி, உன்னத் தேடி வந்திருக்காங்க" என்று வசுமதி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். தர்ஷினி வெளியே வந்து, 'இவங்கதாங்க செய்யறாங்க' என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள்.

அந்த அம்மாள் தர்ஷினியின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் பொண்ணையும் அவ புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்மா. நீ எப்படித் தாங்கின?"

தர்ஷினி கையை விலக்கிக்கொள்ளவில்லை. அவள் கண்களும் நிறைந்தன.

"மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா. அப்பறம் பழகிருச்சு" என்றாள்.