வாங்கிய விலை

"வாங்கின விலைக்கு வந்ததும் வித்துட்டு வீட்டுக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போ-வென் தினமும் காலையில் பங்குச்சந்தைக் கூடத்துக்குப் போவார். விலை இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அதே மாதம் அவரும் போய்ச்சேர்ந்தார். செல்லாமல் போன பங்குப் பத்திரங்களை, இறந்தவர்களுக்குக் கிடைக்கும் என்று எரிக்கிற காகித வீட்டோடும் காகிதப் பணத்தோடும் சேர்த்து எரித்து, அவருக்கே அனுப்பிவைத்தாள் மனைவி சியு-சின்.

ஒரு வருடம் கழித்து அவள் அந்தக் கூடத்துக்கு வந்தாள்.

"அந்த மனுஷன் என்ன விலைக்குத்தான் வாங்கித் தொலைச்சார்னு கொஞ்சம் பாரும்மா."

கணினியில் பழைய விலைகளைத் தேடிய கூடத்து ஊழியை யா-திங், "அறுபத்திரண்டு, ஆன்ட்டி" என்றாள். பட்டியலின் அடிக்குப் போனதும் அவள் முகம் மாறியது.

"கம்பெனி மூடின அன்னிக்கே இது முடிஞ்சிருக்கணுமே. நேத்து வரைக்கும் விலை வந்திருக்கு."

அந்த வரிகள் எல்லாமே சிவப்பாக இருந்தன. எங்கள் தைபேயில் சிவப்பு என்றால் ஏற்றம்.

"நேத்து எவ்வளவு?"

"அறுபத்தொண்ணரை."

சியு-சின் பையை எடுத்துக்கொண்டு அவசரமாக எழுந்தாள்.

"என்ன ஆன்ட்டி, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?"

"போன மாசம்தான் வீட்டுப் பூட்டை மாத்தினேன். அவர்கிட்ட இருக்கறது பழைய சாவிம்மா."