ஹீரோவுக்கு எதுக்கு நரை?

"நரையை எடுத்துடுங்க," என்றாள் டீம் லீடர்.

வடிவமைப்பாளர் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த டீமில் நாற்பத்தைந்தைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். வழுக்கை, விடைத்த காதுகள். பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பெரியவர்.

போன் கேமராவை எங்கே காட்டினாலும், நாம் உருவாக்கிய ஆள் அங்கே வந்து நிற்கிற விளையாட்டு அது. முடி, மூக்கு, சட்டை எல்லாம் நம் இஷ்டம். அத்தனையையும் சுமந்து போன் இஸ்திரிப் பெட்டியாய்ச் சுட்டது. சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்றைக் கழற்றியாக வேண்டும்.

லீடர் பார்த்துப் பார்த்து வரைந்த தங்கச் சிறகுகளின் பக்கம் யாரும் போகவில்லை. பெரியவர் செய்த வயது ஸ்லைடரைத்தான் கைகாட்டினார்கள். இழுக்க இழுக்க நரை, தொப்பை, கண்ணுக்குக் கீழே சுருக்கம். ஹீரோவுக்கு பென்ஷனும் உண்டா என்று ஒருத்தன் கேட்க, அறையே சிரித்தது.

"ஆசைப்பட்டு யாராவது கிழவனாவாங்களா?"

"ஒருத்தராவது இருப்பாங்க மேடம்."

"யாரு, நீங்களா?"

அவர் டெஸ்ட் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வேலை தலைக்குமேல் கிடக்கும்போது மனுஷனுக்கு என்ன பிடிவாதம் என்று அவளுக்கு எரிச்சல். போனை வாங்கிவரப் பின்னாலேயே போனாள்.

சாப்பாட்டு அறையில், கதவுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். காலி நாற்காலிகளை நோக்கிப் போனைப் பிடித்திருந்தார். திரையில், மீசை அரும்பிய ஒரு பையன். இருபதுகூட இருக்காது. அதே விடைத்த காதுகள்.

மகன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியவர் ஸ்லைடரை மெல்ல இழுத்தார். பையனுக்கு நெற்றி ஏறியது. காதோரம் வெளுத்தது. தோள் தளர்ந்தது. தன்னைவிட நாலைந்து வயது கூடுதலாகத் தெரிந்ததும் விரலை எடுத்தார்.

"இத்தனை வருஷம் நானே பெரியவனா நின்னுட்டேன், அண்ணா," என்றார்.

அவள் காலடிச் சத்தம் எழாமல் தன் இடத்துக்குத் திரும்பினாள். தங்கச் சிறகுகளைத் தேர்ந்தெடுத்து அழித்தாள்.