வாசலில் ஒரு பந்துன்

"பந்துன் பாடாம ஒருத்தனும் என்ட வாசப்படி ஏற ஏலாது. மாப்பிள்ளையா இருந்தாலும் சரி, மந்திரியா இருந்தாலும் சரி!"

மலாய்க்காரர் துவான் சல்தீன் போட்ட சத்தம் கொம்பனித்தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மகள் நிலுஃபாவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் மனசுக்குப் பிடித்த இன்சாப், பேருவளைச் சோனகப் பையன்; வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம். மலாயில் 'வா', 'போ' கூட வராது. பந்துன் என்கிற நாலடிப் பாட்டுக்கு எங்கே போவான், பாவம்!

"பாபா, அது அந்தக் காலத்துப் பழக்கம். இப்ப யாரு பாடுறா?"

"அதாலதான் இப்பிடி ஆனோம்! நாம இருக்கிறதே கொஞ்சப் பேரு. நீயும் சோனகனுக்குப் போயிட்டா, பேரப்புள்ள என்னை என்ன பாஷையில கூப்பிடும்? கல்யாணத்தன்னைக்கு நான் பாடுவேன். மாப்பிள்ளை பக்கத்திலேருந்து பதில் வரணும். வரல்லையா, வந்த பஸ்ஸிலயே திரும்பட்டும்!"

பாபத் கறிக்குக் குடல் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஜரீனா எட்டிப் பார்த்தாள். "அவங்க ஒரு மலாய்க்காரனக் கூலிக்குப் புடிச்சிட்டு வந்தா?"

"நல்லாக் கேட்டே! பாடுறது சோனகராப் பொறந்த ஆளா இருக்கணும். இரவல் ஆள் செல்லாது."

"இதான் சட்டமா? பொறகு பேச்சு மாறக்கூடாது."

"மலாய்க்காரன் வாக்கு!" என்று மார்பைத் தட்டினார் சல்தீன்.

அன்றிலிருந்து பாட்டுக் கட்டுவதே அவருக்கு வேலை. மூன்றாம் அடியில் சிக்கி முழித்தபோது, அச்சாறு கிளறிக்கொண்டே ஜரீனாதான் மலாய்ச் சொல் ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"பாத்தியா? மலாய் வீட்டுப் பொம்பளைன்னா இப்பிடி இருக்கணும்!" என்று மகளிடம் பூரித்துப்போனார்.

கல்யாண நாளும் வந்தது. பேருவளை பஸ் வந்து நின்றது. காலையிலிருந்து ஜரீனாவைக் காணோம். பூ வாங்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, சல்தீன் வாசலை மறித்து நின்று மலாயில் குரலெடுத்தார்.

"பாய்மரம் ஏறிக் கடல்தாண்டி வந்தோம்,
பவளம் ஒன்று பொத்தி வைத்தோம்;
வாசலில் நிற்கும் பேருவளையாரே,
வாங்கிப் போக என்ன தந்தீர்?"

மாப்பிள்ளை கூட்டத்தில் ஒருவரையொருவர் முன்னே தள்ளிவிட்டார்கள். இன்சாப் வந்த பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தான். சல்தீன் மீசையை முறுக்கினார். ஆனால் ஜன்னலில் மகளின் கலங்கிய கண்களைப் பார்த்ததும் முறுக்கிய கையைத் தானே கீழே இறக்கினார். கொடுத்த வாக்கை எப்படி முழுங்குவது?

அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து சுத்தமான மலாயில் ஒரு குரல் எழுந்தது.

"முப்பது வருசம் முன்னாலே முத்தொன்று
தந்தோமே உங்கள் வாசலுக்கு;
பவளத்தைக் கேட்டு அந்த முத்தே இன்று
வந்து நிற்குது வாசலிலே!"

கூட்டம் விலகி வழிவிட்டது. முன்னால் வந்து முக்காட்டை ஒதுக்கிச் சிரித்தாள் ஜரீனா.

"சட்டப்படி செல்லுமா, செல்லாதா? நான் பேருவளையில பொறந்த சோனகப் பொண்ணு. ஊருக்கு மறந்தா பரவாயில்ல, கட்டுன ஒங்களுக்குமா மறந்துபோச்சு?"