நிறுத்துற பட்டன் எது?

எல்லாரும் உக்காருங்க. உபைதுல்லா, டீ கிளாஸை உருட்டாம கீழ வை. நீங்க பேச்சை நிறுத்தினாத்தானே நான் ஆரம்பிக்க முடியும்.

நேத்து சாயங்காலம் நாலு மணி இருக்கும். நம்ம செல்போன் கடைக்கு வீரையன் அண்ணன் வந்தாரு. பின்னாடியே அவரு சம்சாரம் காத்தாயி அக்கா. இந்தப் பாபநாசத்துல நான் கடை போட்ட பத்து வருசத்துல அக்கா எங்கிட்ட மொத்தமா பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம். ஸ்டூல்ல உக்காந்து பையை மடியில வச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

அண்ணன் போனை என் கையில திணிச்சாரு. "பாய், இந்த மோட்டார் ஆப்பை கேன்சல் பண்ணி விடுங்க."

மோட்டார் ஆப்புன்னா வேற ஒண்ணும் இல்ல. வயல்ல இருக்குற போர் மோட்டாரை வீட்டுல இருந்தபடியே போன்ல போடலாம், நிறுத்தலாம். வருசத்துக்கு ஆயிரத்து எண்ணூறு. அஞ்சு மணிக்கு பேங்க்லேருந்து தானா எடுத்துக்குவோம்னு மெசேஜ் வந்திருக்கு. கூடவே, ரெண்டாவது போனுக்கு முதல் வருசம் இலவசம் முடிஞ்சுது, இனிமே அறநூறுன்னு ஒரு வரி.

மறுநாள் நடவு. பேங்க்ல கெடந்ததே நடவாளுக்குக் குடுக்க வச்சிருந்த காசு. மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுது.

எங்கிட்ட இருக்கறது ஒத்த போனு, ரெண்டாவது எங்கேருந்து மொளைச்சுதுங்கறாரு.

பேரே ஆப்பு, அடிக்காம விடுவானா அண்ணேன்னு சொல்லிக்கிட்டே உள்ள போனேன். 'சந்தாவை ரத்து செய்ய விரும்புகிறீர்களா?'ன்னு கேட்டுச்சு. கீழ ரெண்டு பட்டன். ஒண்ணு 'ரத்து'. இன்னொண்ணு 'தொடர்'.

ரத்தை அமுக்குனேன். 'உங்கள் ரத்து கோரிக்கை ரத்து செய்யப்பட்டது. நன்றி'ன்னு வருது.

அண்ணன் யோசிச்சாரு. அப்ப தொடரை அமுக்கிப் பாருங்கன்னாரு. அமுக்குனேன். 'எங்களுடன் தொடர்வதற்கு நன்றி.'

ரத்துன்னாலும் நன்றிங்கறான், தொடர்னாலும் நன்றிங்கறான். பக்கத்து டயர் கடைக்காரரு வந்து, ரெண்டையும் சேத்து அமுக்குங்கன்னு யோசனை சொன்னாரு. அதையும் செஞ்சேன். போன் ஆஃப் ஆயிடுச்சு.

திரும்பப் போட்டு கஸ்டமர் கேர்ல கூப்பிட்டேன். ஒண்ணை அமுக்கு, நாலை அமுக்குன்னு அலையவிட்டு, கடைசியா ஒரு பொண்ணு மூக்கால பேசுச்சு. இப்புடி: "தங்கள் அழைப்புக்கு மகிழ்ச்சிங்க சாஆர்." ஸ்பீக்கர்ல போட்டேன்.

ரெண்டாவது போனை நீக்குனாத்தான் கேன்சல் ஆகுமாம். அது யாரு நம்பரும்மான்னேன். கடைசி நாலு நம்பர் மட்டும் சொல்லுச்சு. நாலு, நாலு, ஒண்ணு, ஏழு.

அண்ணன் மூஞ்சி செவந்து போச்சு. அது அவரு தம்பி நெடுஞ்செழியனோட நம்பரு. வயலும் வயலும் அடுத்தடுத்து. வரப்பு தகராறுல ரெண்டு பேரும் பேசி மூணு வருசம் ஆச்சு.

"என் மோட்டார்ல தண்ணி திருடிருக்கான் பாய்!"

எனக்குத்தான் வாயும் சும்மா இருக்காது, காலும் சும்மா இருக்காதே. நெடுஞ்செழியன் போன வருசம் தண்ணி போட்டு விழுந்து கால் ஒடிஞ்சதுன்னு ஊருக்குள்ள பேச்சு இல்லையா? அதுலேருந்து ஒரு பக்கமா இழுத்து இழுத்து நடப்பாரே. அதே மாதிரி கடைக்குள்ள நடந்து, போனை எடுத்து, திருட்டு முழி முழிச்சுக்கிட்டே பட்டனை அமுக்கிக் காட்டுனேன். டயர் கடைக்காரருக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொறை ஏறிடுச்சு. காத்தாயி அக்கா மட்டும் சிரிக்கல.

அண்ணன் போனைப் புடுங்கிக்கிட்டாரு. என் மோட்டாரை எத்தனை தடவை போட்டிருக்கான்னு சொல்லும்மா, பஞ்சாயத்துல வைக்கிறேன்னாரு.

அந்தப் பொண்ணு தட்டித் தட்டிப் பாத்துச்சு. "அந்தப் போன்லேருந்து ஆன் பண்ணது ஒரு தடவை கூட இல்லைங்க சார். ஆஃப் பண்ணது மட்டும் நாப்பத்தாறு தடவைங்க."

எங்களுக்கு ஒண்ணும் புரியல. தண்ணி திருடுறவன் எவனாவது மோட்டாரை நிறுத்துவானா?

அண்ணன் கொரல் எறங்கிப் போச்சு. "நான் போட்டுட்டு அப்படியே மறந்துருவேம்மா. வயல் நெறைஞ்சா ஆப்பே தானா நிறுத்திக்குதுன்னுல்ல நெனைச்சேன்."

"நம்ம ஆப்ல அந்த வசதி இல்லைங்க சார்."

அண்ணன் மெதுவா அக்கா பக்கம் திரும்புனாரு. அவன் போன்ல இதை ஏத்துறதுக்கு ஓடிபி யாரு குடுத்ததுன்னாரு.

"நான்தான்" அப்படின்னாங்க அக்கா. "ஒவ்வொரு தடவையும் தம்பிதான் ஓடியாந்து நிறுத்திட்டுப் போவாரு. ஓட வேணாம், வீட்டுலேருந்தே நிறுத்துங்கன்னு குடுத்தேன்."

போன்ல அந்தப் பொண்ணு இன்னும் காத்துக்கிட்டிருக்கு. நீக்கிடவாங்க சாருங்குது. அண்ணன், எதையும் நீக்காதம்மா, அஞ்சு மணிக்கு எடுத்துக்கட்டும், நடவாளுக்கு நான் எங்கயாச்சும் பொரட்டிக்கிறேன்னுட்டாரு.

அதோட விட்டிருக்கலாம். என் வாய் விடுமா?

"தண்ணி போட்டு ஒடிஞ்ச காலை வச்சுக்கிட்டு அவரு எங்கக்கா ஓடுனாரு?"

அக்கா பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாங்க. என்னை நேராப் பாத்தாங்க.

"தம்பி தண்ணியிலதான் பாய் விழுந்தாரு. இவரு நிறுத்த மறந்து வரப்பு மேல ஓடுன தண்ணியில."