நாலு கிலோ கொக்கி

உட்ரெக்ட் கடைவீதியில், படம் மாட்டும் சாமான் கடைக்குள் நுழைந்தாள் ஃபென்னா.

“இருபது கிலோ ஓவியம், வெஸல். வீட்டுக்காரர் உக்கார்ற நாற்காலிக்கு மேல மாட்டணும். நினைச்சாலே பயமா இருக்கு.”

கடைக்காரர் வெஸல் எஃகுக் கம்பியை எடுத்தார். “இது அம்பது கிலோ தாங்கும். பயமே வேணாம்.”

“அந்தச் சின்னக் கொக்கி?”

“நாலு கிலோதான். ஒரே வாரத்துல பிச்சுக்கிட்டு வந்துரும்.”

ஃபென்னா வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“அதையே குடுங்க.”

வெஸல் சிரித்துவிட்டார். “நல்ல ஜோடிதான் போங்க! போன வாரம் உங்க வீட்டுக்காரரும், நான் சொல்லச் சொல்லக் கேக்காம, இதையேதான் வாங்கிட்டுப் போனார். கட்டில்ல நீங்க படுக்கிற பக்கத்துக்கு மேல, இரும்புச் சட்டம் போட்ட படத்தை மாட்டணும்னு.”

ஃபென்னாவின் கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

ஆறு இரவுகளாக அந்தப் படத்துக்குக் கீழேதான் அவள் தூங்குகிறாள்.