கொள்ளைப் பறவையின் விரதம்

நடுக்கடலில் ஒரு கடற்குருவி, மூன்று நாள் அலைந்து குஞ்சுக்கெனத் தேடிய இரையை வயிற்றில் சுமந்தபடி தன் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பிறர் இரையைப் பறித்தே கொழுத்த பெரும்பறவை ஒன்று அதன் தலைக்கு மேல் வட்டமிட்டது.

“அடே பொடிப்பயலே! விழுங்கியதைக் கக்கு. இல்லையேல் கழுத்தை முறிப்பேன்.”

குருவி சட்டென்று தாழ்ந்தது. இரண்டு பேரலைகளுக்கு நடுவே, தன் இனத்தின் வழக்கப்படி சிறகை விரித்து, நீரின்மேல் கால் பதித்து நடக்கலாயிற்று.

“தாராளமாகத் தருகிறேன், அண்ணா. சற்று இறங்கி வாருங்கள்.”

நனைந்தால் மீண்டும் எழ இயலாத தன் சிறகுகளைப் பெரும்பறவை ஒருமுறை பார்த்துக்கொண்டது. கீழே அலை சீறியது.

“இன்று எனக்கு விரதம். பிழைத்துப் போ.”

“நல்லது, அண்ணா. விரதம் முடிந்ததும் சொல்லியனுப்புங்கள். நான் இங்கேதான் நடந்துகொண்டிருப்பேன்,” என்றது குருவி.